கிளைக்கதை எத்தனை மண்டகப்படி நிற்கலாம்? முதல் நாவல் எழுதுகிறவர்களுக்கு

சித்திரையில் அழகர் மலையை விட்டுக் கிளம்பினால் மதுரை வரும் வரை வழியெங்கும் மண்டகப்படிதான். நூற்றுக்கணக்கான மண்டபங்களில் நின்று நின்று வருகிறார். அப்படியும் கூட்டத்தில் ஒருவருக்கும் அவர் வைகைக்குப் போகிறார் என்பது மறப்பதில்லை. நாவலில் கிளைக்கதை வைக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்.

முதலில், மையக்கதையை ஒரே கேள்வியாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். என் நாவலுக்கு இப்படி எழுதினேன்: மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் பூ அனுப்பும் முத்துலட்சுமி, அடகில் இருக்கும் மல்லிகைத் தோட்டத்தைச் சித்திரைக்குள் மீட்பாளா?

அடுத்து கிளைக்கதைகள். முதல் நாவலுக்கு இரண்டு போதும். ஒவ்வொன்றிடமும் கேளுங்கள்: நீ இல்லாவிட்டால் முத்துலட்சுமிக்கு என்ன மாறும்? மகள் கயலுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கிறது. கட்ட வேண்டிய பணமும் தோட்டத்தை மீட்கும் பணமும் ஒரே அரிசிப் பானைக்குள் இருக்கின்றன. சரி, இது தானாக ஒட்டிக்கொண்டது.

தம்பி பாண்டியின் காதல்தான் ஒட்டவில்லை. எழுத எழுத இனித்ததால் எழுபது பக்கம் போய்விட்டது. படித்த தோழி, "அந்தம்மா தோட்டம் என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். காதலை நான் வெட்டவில்லை. விடிகாலையில் பூ மூட்டையை மார்க்கெட்டில் சேர்க்கும் வேலையைப் பாண்டிக்குக் கொடுத்தேன். ஒரு முகூர்த்த நாளில் காதலியைப் பார்க்கப் போய்த் தாமதிக்கிறான். மல்லிகைக்கு மொட்டாக இருக்கும்வரைதான் விலை. முத்துலட்சுமி சாக்கைப் பிரிக்கிறாள். உள்ளே வெக்கையில் பாதி மொட்டு வாய் திறந்திருக்கிறது. அன்றைய பணம் போச்சு. இப்போது அந்தக் காதல் தோட்டத்தின் மேலேயே கை வைத்துவிட்டது. எழுபது பக்கம் இருபத்தைந்தாகக் குறைந்ததும் அதன் பிறகுதான்.

அப்புறம், தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் அத்தியாயத்துக்கு ஒரு வரி எழுதித் தரையில் பரப்புங்கள். மையக்கதைக்குச் சிவப்பு மை, கிளைக்கதைகளுக்கு நீலமும் பச்சையும். சிவப்பே இல்லாமல் மூன்று தாள் தொடர்ந்தால் அங்கே கதை நின்றுவிட்டது. பச்சை ஏழெட்டுத் தாளுக்குக் கண்ணில் படாவிட்டால் வாசகர் பாண்டியை மறந்துவிடுவார். ஒரு வரியிலாவது அவனைக் கூப்பிடுங்கள்.

முடிக்கும் வரிசைக்கும் அழகரையே பார்க்கிறேன். ஆற்றில் இறங்கியதும் அவர் மலைக்குத் திரும்பிவிடுவதில்லை. தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் கொடுத்துவிட்டுத்தான் மற்றது. அதுபோல ஒரு கிளைக்கதையை மட்டும் உச்சத்துக்குப் பிறகு முடிக்கலாம், சுருக்கமாக. பாண்டியின் கதையை உச்சத்துக்கு முன்பே முடித்துவிட்டேன். தோட்டப் பத்திரம் கைக்கு வந்த பிறகு, காலியான அரிசிப் பானையைக் கயல் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். அவளுக்கு அந்த அரைப் பக்கம்தான்.