மலைச் சரிவில் மனை பிரிக்கும்போதும் வாங்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் மனை பார்க்க வருவோர் பட்டாவையும் அங்கிருந்து தெரியும் பள்ளத்தாக்கையும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மனைக்கு வரும் தெரு எப்படி வெட்டப்பட்டது, வெட்டிய மண் எங்கே போனது என்று விசாரிப்பவர் அரிது. மலையில் ஒரு மனைப்பிரிவின் பாதுகாப்பு பெரும்பாலும் முதல் வீடு எழும் முன்பே, தெருக்கோடு போடும்போதே முடிவாகிவிடுகிறது என்பது என் கருத்து.

சமவெளியில் பழகிய சதுரக் கட்ட வரைபடத்தை அப்படியே சரிவின்மேல் விரிப்பதுதான் முதல் தவறு. மேலிருந்து கீழே நேராக இறங்கும் தெரு, கன மழையில் ஓடையாக மாறித் தன் இருபுறத்தையும் அரித்துவிடும். சம உயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை) ஒட்டி வளைந்து செல்லும் தெருவில் மனைகளின் எண்ணிக்கை குறையும். விற்பவருக்கு அது பிடிப்பதில்லை. மலை நெடுஞ்சாலைகளுக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்துள்ள அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்: வழக்கமான ஏற்றம் 20-க்கு 1, அதாவது 5 விழுக்காடு, செங்குத்தான நிலப்பரப்பில் 6 விழுக்காடு, தவிர்க்கவே முடியாத இடத்தில் 8 விழுக்காடு. கொண்டை ஊசி வளைவின் உட்புற ஆரம் 14 மீட்டருக்குக் குறையக் கூடாது. குடியிருப்புத் தெருக்கள் இந்த அளவுகளை எட்டுவது கடினம்தான், ஆனால் தீயணைப்பு வண்டி ஏற முடியாத தெருவைத் தெரு என்று சொல்வதற்கில்லை. இங்கே விழுக்காட்டையும் டிகிரியையும் குழப்பிக்கொள்வோரும் உண்டு. 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 3 டிகிரி. 30 டிகிரி என்பதோ கிட்டத்தட்ட 58 விழுக்காடு.

அடுத்தது மண். சரிவின் மேல்பாதியை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்பாதியில் கொட்டிச் சமப்படுத்துவது செலவு குறைந்த வழி. கொட்டிய மண் அடுக்கடுக்காகக் கெட்டிக்கப்படாவிட்டால், ஒரு பாதி இயல்பான நிலத்திலும் மறுபாதி நிரப்பு மண்ணிலும் நிற்கும் வீடு இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விடும். தெரு வெட்டிய மண்ணை விளிம்புக்கு வெளியே தள்ளிவிடுவது இன்னும் மோசம்; அது கீழ்வீட்டுக்காரரின் தலைக்கு மேல் தொங்கும் சுமை.

எல்லாவற்றையும்விடத் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும். 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்தபோது மாவட்டமெங்கும் மண்சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த அளவு வேண்டாம், 10 செ.மீ. மழையே 100 சதுர மீட்டர் கூரையில் 10,000 லிட்டர் நீரைச் சேர்க்கிறது. அதைச் சரிவில் திறந்துவிடாமல், கல் பதித்த வடிகால் வழியாக இயற்கை ஓடை வரை கொண்டுபோக வேண்டும். கழிவுநீர் உறிஞ்சுகுழியைச் சரிவின் விளிம்பில் தோண்டுவதும் அதே தவறுதான். ஆண்டு முழுவதும் மண்ணுக்கு நீர் ஊட்டிக்கொண்டிருக்கிறோம். கோடையில் வறண்டு கிடக்கும் ஓடையை மூடித் தெருவாக்கியிருக்கிறார்களா என்பதைப் புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) சரிபார்க்காமல் மனை வாங்கக் கூடாது.

தடுப்புச் சுவர் கட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. சுவருக்குப் பின்னால் நீர் தேங்கினால், நீர் வடிந்த மண் தரும் அழுத்தத்தைப் போல இருமடங்குக்கும் மேல் அது தாங்க வேண்டியிருக்கும். ஆகவே நீர் வடியும் துளைகளும், அவற்றின் பின்னே சல்லி நிரப்பிய அடுக்கும் சுவரின் கனத்தைப் போலவே முக்கியம். அழகுக்காகச் சிமெண்ட் பூசித் துளைகளை அடைத்துவிட்ட சுவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அனுமதி விஷயத்தில், பத்திரம் பதிவானதை மனைப்பிரிவுக்கான ஒப்புதலாக எடுத்துக்கொள்வது பரவலான பிழை. நீலகிரி, மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்புக்குள் வருவதால், நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதலோடு புவியியல் மற்றும் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை, வனத் துறை ஆகியவற்றின் கருத்தும் தேவைப்படுகிறது. 20.10.2016-க்கு முன் ஒப்புதலின்றி விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் காகிதத்தைச் சரிசெய்யும், அடியிலுள்ள மண்ணை அல்ல. கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது என்ற விதியைச் சமாளிக்கச் சரிவை ஆழமாகக் குடைந்து கீழே ஒரு தளம் சேர்ப்பவர்கள், விதி எதைத் தடுக்க வந்ததோ அதையே செய்கிறார்கள்.

மனையைப் பார்க்க வெயில் நாளில் மட்டும் போகாமல், பெருமழை ஓய்ந்த மறுநாள் காலையிலும் போங்கள். தெருவின் வெளிவிளிம்பில் பிறை வடிவில் விரிசல் ஓடுகிறதா, மரங்களும் மின்கம்பங்களும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே மண் ஊறிக் கிடக்க, தடுப்புச் சுவரின் துளைகள் மட்டும் காய்ந்திருந்தால், உள்ளே தண்ணீர் சிக்கியிருக்கக்கூடும். பொறியாளரை அழைத்துக் காட்டும் வரை முன்பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.