ஸ்லெங் டெங்கைக் காதால் பிரித்துக் கேட்பது எப்படி?

ஸ்லெங் டெங் என்பது ஜமைக்கா பாட்டுகள் பலவற்றுக்கு அடியில் ஓடும் ஒரே பேஸ் (கீழ்ச்சுரங்கள்), தாளச் சுற்று. அதைக் கேட்க, முதலில் பாட்டின் வரிகளை விட்டுவிடுங்கள். ஜமைக்கா பாடகர் வெயின் ஸ்மித்தின் 'அண்டர் மீ ஸ்லெங் டெங்' பாட்டை ஹெட்ஃபோனில் போட்டு, அடியில் ஓடும் பேஸை மட்டும் பத்துத் தடவையாவது முனகிப் பாருங்கள். போன் ஸ்பீக்கர் வேண்டாம், பேஸ் செத்துப்போகும். நான் கச்சேரிகளில் கீபோர்டு வாசிப்பவன். அந்தச் சுற்று என் விரலுக்கு வந்த பிறகுதான் பாடுபவர் என்ன செய்கிறார் என்றே எனக்குக் கேட்க ஆரம்பித்தது.

மெட்டுக்குப் பாட்டெழுதுவது நமக்குப் பழக்கம். ஜமைக்காவின் டான்ஸ்ஹால் இசையில் மெட்டைத் தரமாட்டார்கள். பேஸும் தாளமும்தான் கிடைக்கும், அதுதான் ரிடிம். மெட்டும் சொல்லும் பாடுபவர் பொறுப்பு.

இந்த ரிடிம் பிறந்தது கேசியோ எம்டி-40 என்ற சிறிய கீபோர்டில். 1981-இல் வந்த அதன் தாளங்களை அமைத்தவர் ஹிரோகோ ஒகுதா. கல்லூரியில் ஜமைக்காவின் ரெகே இசையைப் பற்றி ஆய்வுக்கட்டுரை எழுதியவர்! அந்தக் கருவி கைக்குக் கிடைத்தால் தாளத்தை 'ராக்'கில் வைத்து, 'சிங்க்ரோ' பொத்தானை அழுத்தி, பேஸ் பகுதியில் 'டி' கட்டையைத் தொடுங்கள். பாட்டில் இருப்பதைவிட வேகமாக ஓடும். நோயல் டேவியும் வெயின் ஸ்மித்தும் அந்தத் தாளத்தைக் கிங்ஸ்டனின் வாட்டர்ஹவுஸ் பகுதியில் இருந்த இசைத் தயாரிப்பாளர் ஜாமியிடம் கொண்டுபோனார்கள். அவர் வேகத்தைக் குறைத்து, பியானோ வெட்டுகளையும் கைத்தட்டலையும் சேர்த்தார். அந்த நிதானத்தில்தான் ஆட்டமே இருக்கிறது. 1985 பிப்ரவரி 23-இல் கிங்ஸ்டனின் வால்தம் பார்க் சாலையில் பிளாக் ஸ்கார்பியோ என்ற ஒலிபெருக்கிக் குழுவோடு நடந்த இசைப்போட்டியில் ஜாமி இதை ஒலிக்கவிட்டார். வாத்தியக்காரர்கள் வாசித்த ரிடிம்களின் இடத்தை மெஷின் பிடிக்கத் தொடங்கியது.

அடுத்து, அதே ரிடிமின் மேல் டெனர் சா பாடிய 'பம்ப்கின் பெல்லி'. பூசணிக்காயின் வயிற்றுக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்று கேட்கும் பாட்டு. இதற்கு அவசரப்படாதீர்கள். துள்ளுகிற பேஸின் மேல் அவர் குரல் ஒப்பாரிபோல் இழுத்துக்கொண்டு போகும். அடித்தளம் அதேதான், மனநிலை முற்றிலும் வேறு. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதே ரிடிமில் வந்த ஜானி ஆஸ்போர்னின் 'படி பை' பாட்டில் அவர் எங்கே மூச்சு விடுகிறார் என்று மட்டும் கவனியுங்கள். அந்த இடைவெளிகளில் பேஸ் முன்னால் வந்து நிற்கும்.

கடைசியாக, ஜமைக்கா இசைத்தட்டுகளின் மறுபக்கத்தில் வரும் 'வெர்ஷனை'ப் போடுங்கள். குரல் நீங்கி ரிடிம் மட்டும் ஓடும். அதன்மேல் நீங்களே நாலு வரி பாடுங்கள். வெயின் ஸ்மித்தின் மெட்டே வாயில் வந்தால் நிறுத்திவிட்டு, மறுபடி பேஸை முனகுவதிலிருந்து தொடங்குங்கள்.