650-இல் இரைச்சலை ஒழித்த விதம்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்து ஏ.எம். வானொலி நிலையமான டபிள்யூ.எஸ்.எம். 650 கிலோஹெர்ட்ஸில், 50 கிலோவாட் சக்தியில் ஒலிக்கிறது. 1925 முதல் கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியை ஒலிபரப்பும் நிலையம். இருட்டியபின் நான் இருக்கும் அட்லாண்டாவில் அது காதில் விழ வேண்டும். எனக்கு வந்ததோ வெறும் 'கொர்ர்'.

முதல் தவறு ட்யூனிங்கில். இந்தியாவில் வாங்கிய டிஜிட்டல் ரேடியோ 9 கிலோஹெர்ட்ஸாகத் தாவும்: 648, அடுத்து 657. அமெரிக்காவில் அந்தத் தாவலை 10-க்கு மாற்றியாக வேண்டும். மாற்றியதும் பாட்டு மங்கலாகக் கேட்டது.

அடுத்து இரைச்சல். ரேடியோவைப் பேட்டரியில் ஓடவிட்டு மெயின் பிரேக்கரை இறக்கினேன், சத்தம் அடங்கிவிட்டது. ஒவ்வொரு பிரேக்கராக ஏற்றிப் பார்த்ததில் எல்.இ.டி. விளக்கின் அடாப்டர் சிக்கியது. இரைச்சலைத் தடுக்க வயரில் மாட்டும் காந்தப்பொருளான ஃபெரைட் கிளிப்பைச் சும்மா மாட்டினால் இவ்வளவு தாழ்ந்த அலைவரிசையில் பயனில்லை. 31 ரக ஃபெரைட் வளையத்துக்குள் அடாப்டரின் வயரை 8 சுற்று விட்டபிறகே ஓய்ந்தது.

மிச்சத்தை லூப் ஆன்டெனா பார்த்துக்கொண்டது. 60 செ.மீ. சதுர மரச்சட்டத்தில் 10 சுற்று வயர், இரு முனைக்கும் குறுக்கே 365 பிகோஃபாரட் கேங் கண்டென்சர் (திருப்பி ட்யூன் செய்யும் மின்தேக்கி). ரேடியோவோடு வயர் இணைப்பே வேண்டாம். ரேடியோவின் உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பி சட்டத்தின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்படி பக்கத்தில் வைத்தால் போதும். சட்டத்தின் விளிம்பு நாஷ்வில் இருக்கும் வடமேற்கைப் பார்க்கட்டும். கண்டென்சரை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் ஸ்டீல் கிட்டாரின் இழுப்பு சட்டென்று தெளிந்து எழும். அழகான கணம் அது.

அந்தி நேரத்தில் குரல் குழைந்து உடையும். தரையை ஒட்டி வரும் தரை அலையும் வானில் பட்டுத் திரும்பும் வான் அலையும் மோதுவதால் வருவது அது, ரேடியோவைக் கழற்றாதீர்கள்.