அம்மா வீட்டு விரிசலுக்கு இழப்பீடு வாங்கினேன்

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலேயே வளர்ந்த அம்மாவுக்காக மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வாங்கிய வீடு, சாவி கிடைத்த நான்காம் மாதமே அடுப்படிச் சுவர் விரிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கியது. அம்மா வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளருக்குப் போன் போட்டே அலுத்துப்போனேன். போனில் பேசுவது எதற்கும் ஆகாது. சாவி வாங்கியதிலிருந்து 24 மாதம் குறைகளைச் சரிசெய்வது அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அதைக் குறிப்பிட்டு, தேதியோடு எடுத்த படங்களையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். 30 நாளாகியும் ஆள் வரவில்லை. அப்புறம் கொத்தனாரிடம் செலவுக் கணக்கை எழுதி வாங்கி, வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் 10 ரிங்கிட் கட்டி மனு போட்டேன். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. கேட்ட 6,800 ரிங்கிட்டும் கிடைத்தது, போன வாரம் சுவர் பூசியாச்சு.