டிஸ்ப்ளே வரவில்லை: புதிதாக அசெம்பிள் செய்த கணினியில் பழுது தேடும்போது செய்யும் தவறுகள்

பட்டனை அழுத்தியதும் காற்றாடிகள் சுழல்கின்றன, வண்ண விளக்குகள் எரிகின்றன. மானிட்டர் மட்டும் சிக்னல் இல்லை என்று காட்டிவிட்டு அணைந்துபோகிறது. வீட்டில் சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்தவர்களில் பாதிப் பேராவது இந்த இடத்தில் நின்றிருப்பார்கள். அதற்கு அடுத்த அரை மணி நேரத்தில் பதற்றத்தில் செய்யும் காரியங்கள்தான், பத்து நிமிடத்தில் முடிய வேண்டியதை ஒரு வாரம் இழுத்தடிக்கின்றன. சில சமயம் நன்றாக இருந்த பாகத்தையும் கெடுத்துவிடுகின்றன.

புதுப் பாகம் பெட்டியிலிருந்தே செத்து வருவது உண்டு, ஆனால் அரிது. நான் பார்த்தவரை கோளாறு பெரும்பாலும் பாகத்தில் இல்லை, இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. அரைகுறையாக உட்கார்ந்த ராம், மறந்துபோன ஒயர், இடம் மாறிய ஸ்க்ரூ. சேர்த்தது நம் கை என்பதால் அங்கே பார்க்கத் தோன்றுவதில்லை. "மதர்போர்டு போச்சு" என்று சொல்லிவிடுவது சுலபம்.

நானும் சொன்னவன்தான். அக்கா மகனுக்காக டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் போட்ட ஒரு கணினியை இரவு பதினொரு மணிக்கு முதல்முறை ஆன் செய்தேன். திரை கருப்பு. முப்பது விநாடி பார்த்தேன், அணைத்தேன். ராமைக் கழற்றி மாட்டினேன், மறுபடி ஆன், மறுபடி முப்பது விநாடி. ஒன்றரை மணி நேரம் இப்படியே போனது. கடைசியில் அலுத்துப்போய், அணைக்காமலே எழுந்து சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால் திரையில் பயாஸ் பக்கம், அதாவது விண்டோஸுக்கு முன்னால் போர்டே காட்டும் அமைப்புப் பக்கம், சமர்த்தாக நிற்கிறது.

நடந்தது இதுதான். டிடிஆர்5 போர்டுகள் முதல்முறை ஆன் ஆகும்போது, அந்த ராமோடு எந்த நேரக் கணக்கில், எந்த மின்னழுத்தத்தில் தரவைக் கொடுத்து வாங்குவது என்று சோதித்துப் பார்த்துக்கொள்கின்றன. மெமரி டிரெய்னிங் என்பார்கள். அது முடியும்வரை திரையில் எதுவும் வராது. ஏஎம்டி பிராசசர்களுக்கான ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில் இதற்குச் சில நிமிடங்கள் ஆகும், ராமின் அளவு கூடினால் இன்னும் இழுக்கும். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ராமை இடம் மாற்றினாலும், பயாஸ் அமைப்புகளை அழிக்க சிஆர்2032 பேட்டரியைக் கழற்றினாலும் அதே கதைதான். நான் அன்று பழுதைத் தேடவில்லை, முப்பது விநாடிக்கு ஒருமுறை அதை உருவாக்கிக்கொண்டிருந்தேன். முதல்முறை ஆன் செய்தால் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.

காத்திருக்கும்போது மதர்போர்டைப் பாருங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில், பெரும்பாலும் வலது ஓரத்தில், நான்கு சின்ன எல்இடிகள் இருக்கும். சிபியு (பிராசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். எந்த இடத்தில் நின்றுவிட்டதோ அந்த விளக்கு எரிந்தபடி இருக்கும். போர்டே வாய்விட்டுச் சொல்வதைக் கேட்காமல் பாகம் பாகமாகக் கழற்றுவது வீண் வேலை. கண்ணாடிக் கேபினெட்டின் அலங்கார விளக்குகளுக்கு நடுவே இந்த நான்கும் தொலைந்துபோவது வேறு விஷயம்.

காற்றாடி ஓடுகிறது என்பதற்காக

காற்றாடி சுழல்வதை வைத்து "கரண்ட் சரியாக இருக்கிறது" என்று முடிவு செய்வது அடுத்த தவறு. போர்டுக்கு, சுவர் மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு வழியாக மின்சாரம் போகிறது. பெரிய 24 பின் கனெக்டர் ஒன்று. பிராசசருக்கென்றே போர்டின் மேல் இடது மூலையில் 8 பின் கனெக்டர் இன்னொன்று. முதலாவதை மட்டும் மாட்டினாலே காற்றாடி ஓடும், விளக்கு எரியும், பிராசசர் மட்டும் விழிக்காது. கூலரும் கேபினெட் கூரையும் சேர்ந்து மறைக்கும் மூலை என்பதால் அந்த ஒயரை மறப்பது சகஜம்.

அதே இடத்தில் இன்னொரு ஆபத்து. கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் ஒயரும் 8 பின்தான், பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் 12 வோல்ட்டும் கிரவுண்டும் அதில் இடம் மாறி வரும். துளைகளின் வடிவத்தை வேறாக வைத்திருப்பதே மாற்றிச் செருகாமல் இருக்கத்தான். நான்கும் நான்குமாகப் பிரிவது பிராசசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. இறுக்கமாக இருக்கிறதே என்று பலத்தைக் காட்டக் கூடாத இடம் இது.

பலத்தைக் காட்ட வேண்டிய இடம் ராம். பயந்து பயந்து அழுத்துவதால் ஒரு முனை மட்டும் உட்கார்ந்து மறுமுனை அரை மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். பல புதுப் போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருப்பதால், அது மூடிவிட்டால் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறோம். கிளிப் இல்லாத முனையையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நான்கு இடம் உள்ள போர்டில் இரண்டு ராம் மட்டும் போட்டால், அவை போக வேண்டியது வழக்கமாக ஏ2, பி2 என்ற இடங்களுக்கு, அதாவது பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்.

மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் கிராபிக்ஸ் கார்டை வாங்கிவிட்டு எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் செருகுபவர்கள் நிறைய. ரைசன் 5 5600, கோர் ஐ5 12400எஃப் போன்ற பிராசசர்களுக்குள் கிராபிக்ஸ் கிடையாது. இன்டெல்லில் பெயருக்குப் பின்னால் எஃப் இருந்தாலே இல்லை என்று பொருள். இவற்றோடு போர்டின் எச்டிஎம்ஐ துளை வெறும் அலங்காரம்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் சிபியு விளக்கு அணையவில்லை என்றால், பயாஸ் பழையதாக இருக்கலாம். கடையில் நெடுநாள் தூங்கிய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசையைப் போட்டால் அதற்கு அடையாளமே தெரியாமல் போகலாம். இன்டெல்லின் 600 வரிசைப் போர்டுகளுக்கும் 13, 14ஆம் தலைமுறைப் பிராசசர்களுக்கும் இதே கதை. பிராசசரே இல்லாமல் பென்டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பொத்தான் சில போர்டுகளின் பின்பக்கம் உண்டு. இல்லாவிட்டால் வாங்கிய கடையில் சொல்லி ஏற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரே நேரத்தில் நான்கைத் தொடுவது

ராமையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, பேட்டரியையும் கழற்றி மாட்டினால் கணினி ஓடலாம். எதனால் ஓடியது என்று தெரியாது. நாலு நாள் கழித்து மறுபடி நின்றால் எங்கே கைவைப்பது? ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வது. பள்ளிக்கூடத்து வேலை மாதிரி தோன்றும். இரவு ஒரு மணிக்கு மேல் நம் ஞாபகத்தைவிட அந்தச் சீட்டு நம்பகமானது.

குழப்பம் தீரவில்லை என்றால் எல்லாவற்றையும் கேபினெட்டிலிருந்து வெளியே எடுங்கள். மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியின் மேல் அதை வைத்து, பிராசசர், கூலர், ஒரே ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டுங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இல்லை என்றால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகிவிடும். போர்டு சுற்றி வந்த வெள்ளி நிற உறையை மட்டும் அடியில் விரிக்க வேண்டாம். நிலைமின்சாரத்தைத் தடுக்கும் உறை என்பதால் பத்திரமானது என்று பலர் நினைக்கிறார்கள். அதில் மின்சாரம் கடத்தும் உலோகப் பூச்சு இருக்கிறது, ஓடும் போர்டுக்குக் கீழே இருக்க வேண்டிய பொருள் அல்ல.

வெளியே ஓடுகிறது, உள்ளே வைத்தால் ஓடவில்லையா? கேபினெட்டின் முதுகுத் தகட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைக் குமிழ்களை எண்ணுங்கள். போர்டில் ஓட்டை இல்லாத இடத்தில் ஒரு குமிழ் அதிகமாக நின்றால், அது போர்டின் பின்பக்கம் முட்டி ஷார்ட் ஆக்கும்.

பிராசசரைக் கழற்றும்போது இன்னும் நிதானம் வேண்டும். ஏஎம்டியின் முந்தைய ஏஎம்4 வகைப் பிராசசர்களில் பின்கள் பிராசசரிலேயே இருக்கின்றன. கூலரை நேராக இழுத்தால், இரண்டுக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, லேசாகத் திருகிப் பிறகு தூக்க வேண்டும். ஏஎம்5, இன்டெல் வகைகளில் பின்கள் சாக்கெட்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் ஒரு ராம் இடம் வேலை செய்யாமல் போவது போன்ற விசித்திரங்கள் வரும். கைபேசி டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் தெரியும். அந்தச் சாக்கெட்டின் மேல் வந்த பிளாஸ்டிக் மூடியை எறியாதீர்கள், சில நிறுவனங்கள் அது இல்லாமல் உத்தரவாதத்துக்குப் போர்டை ஏற்பதில்லை.

எரித்துவிடும் தவறு

மேலே சொன்ன பலவும் நேரத்தைத் தின்பவை. இது பணத்தையும் படங்களையும் தின்னும். எஸ்எம்பிஎஸ்மீது சந்தேகம் வந்ததும் என் நண்பர் ஒருவர் வேறொன்றை வாங்கி வந்தார். இரண்டிலும் ஒயர்கள் தனியாகக் கழலும். கேபினெட்டுக்குள் அழகாகக் கட்டிய பழைய ஒயர்களைப் பிரிக்க மனமில்லாமல், எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் மாற்றி அதே ஒயர்களைச் செருகினார். எல்லாம் பொருந்தின. ஆன் செய்த நொடியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் ஒரு எஸ்எஸ்டியும் போயின. ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது குழந்தையின் ஐந்து வருடப் படங்கள்.

ஒயரின் பாகம் பக்க முனைக்குத்தான் பொதுவான தரம் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் எந்தத் துளையில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், ஒரே நிறுவனத்திலும் மாடலுக்கு மாடல் மாறலாம். பெட்டியை மாற்றினால் ஒயரையும் மாற்றியே தீர வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க 24 பின்னில் பச்சை ஒயரையும் கறுப்பையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைக்கும் முறை பிரபலம். அது ஆன் ஆகிறதா என்று மட்டுமே அதில் தெரியும். கிராபிக்ஸ் கார்டு இழுக்கும்போது தாங்குமா என்பது தெரியாது. சூடானால் மட்டுமே காற்றாடியை ஓட்டும் எஸ்எம்பிஎஸ்கள் நல்ல நிலையிலும் அசையாமல் இருக்கும், அதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களும் உண்டு.

சுவர் பக்கம் பார்க்காமல் இருப்பது

கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுருக்கென்கிறது, டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரிகிறது. உடனே எஸ்எம்பிஎஸ் லீக் என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கடையில் சோதித்தால் ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்தால் மறுபடி சுருக். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் சின்னக் கெபாசிட்டர்கள் கேபினெட்டோடு இணைந்திருக்கும். அவற்றின் வழியே மிகச் சிறிய மின்னோட்டம் எர்த்துக்குப் போக வேண்டும். வீட்டில் எர்த் இல்லை என்றால் போக இடமில்லாமல், 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அழுத்தத்தில் கேபினெட் மிதக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் மூன்றாவது துளைக்குள் ஒயரே இல்லாதது, பழைய வீட்டில் எர்த் கம்பி எங்கோ அறுந்தது என்று காரணம் சுவர்ப் பக்கம்தான். கணினியை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கேம் விளையாடும்போது மட்டும் அணைகிறது என்றால் யுபிஎஸ்ஸையும் பாருங்கள். பெட்டியில் 600 விஏ என்று பெரிதாக இருக்கும், பக்கத்தில் 360 வாட் என்று சிறிதாக இருக்கும். கிராபிக்ஸ் கார்டு முழுவீச்சில் இழுத்தால் அந்த 360 போதாது. ஒருமுறை யுபிஎஸ் இல்லாமல் நேராகச் சுவரில் செருகிப் பாருங்கள்.

இப்படி அணைந்த பிறகு விண்டோஸின் ஈவன்ட் வியூவரைத் திறந்து, கெர்னல் பவர் 41 என்ற சிவப்பு வரியைக் கண்டுபிடித்து, எஸ்எம்பிஎஸ்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதுவது இன்னொரு பழக்கம். கணினி முறையாக மூடப்படாமல் நின்றுவிட்டது என்பதைத் தவிர அந்த வரி வேறு எதையும் சொல்லவில்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் அதேதான் வரும்.

விண்டோஸை மூன்று தடவை மாற்றிப் போட்டும் நீலத்திரை வருகிறதா? பயாஸில் ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பான எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை அணைத்து, ராமை அதன் இயல்பான வேகத்தில் ஓடவிடுங்கள். அப்புறம் பென்டிரைவில் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ போட்டு ஓர் இரவு ஓடட்டும். ஒரு பிழை காட்டினாலும் விண்டோஸைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. டிடிஆர்5 ராம் நான்கைப் போட்டுவிட்டு, இரண்டுக்கான வேகத்தை எதிர்பார்ப்பதும் இங்கேதான் உதைக்கும். புது டிஸ்க் தெரியவில்லை என்ற புகாருக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. பயாஸில் தெரிந்தால் டிஸ்க் உயிரோடு இருக்கிறது, விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய் இனிஷியலைஸ் செய்து, புது வால்யூம் ஒன்றை உருவாக்கினால் போதும்.

பாகம் நன்றாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னதற்கு ஒரு பெரிய விதிவிலக்கு, இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள். தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தால் அவற்றில் பல தள்ளாட ஆரம்பித்தன. 2024 ஆகஸ்டில் இன்டெல் 0x129 என்ற மைக்ரோகோடை, அதாவது பயாஸோடு வரும் பிராசசர் திருத்தத்தை, கொடுத்தது, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. கெடுவதைத் தடுக்கத்தான் அது உதவும், ஏற்கெனவே கெட்டதை மீட்காது. இந்த வகையை வாங்கினால் விண்டோஸ் போடுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் சர்வீஸ் கவுன்டருக்குப் போகத்தான் வேண்டும். "டிஸ்ப்ளே வரவில்லை" என்று மட்டும் சொன்னால் போர்டை வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொல்வார்கள். போன முறை நான் துண்டுச் சீட்டை எடுத்துப் படித்தேன்: ஏ2வில் இரண்டு வெவ்வேறு ராமைத் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தேன், டிராம் விளக்கு அணையவில்லை, பி2வில் போட்டால் இரண்டும் ஓடுகின்றன, சாக்கெட் பின் வளையவில்லை, படம் இருக்கிறது. அந்தப் பையன் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் புதுப் பெட்டி ஒன்றோடு வந்தான்.