இயங்குதளம் மாறினாலும் சந்தா மென்பொருள் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

ஒலிநூல் பதிவுகளைத் தூய்மைப்படுத்தித் தருவது என் தொழில். இரைச்சலை நீக்குவதற்காக மாதச் சந்தா கட்டி ஒரு ப்ளக்-இன் (ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குள் இயங்கும் துணை மென்பொருள்) வைத்திருக்கிறேன். 2024 செப்டம்பர் கடைசி வாரத்தில், பதினொரு மணி நேர நாவல் வாசிப்பு ஒன்றைப் பாதி முடித்திருந்த நிலையில், என் மேக் கணினியைப் புதிதாக வந்திருந்த சிக்வோயா (மேக்ஓஎஸ் 15) இயங்குதளத்துக்கு மாற்றினேன். மறுநாள் காலையில் அந்த ப்ளக்-இன்னைத் திறந்தபோது, குமிழ்களும் ஒலியலைக் கோடும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைச் செவ்வகம்தான் இருந்தது. புதிய இயங்குதளத்துக்கு இப்போதைக்கு மாற வேண்டாம் என்று நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்ததை அதன் பிறகுதான் பார்த்தேன். திருத்திய பதிப்பு வர ஏழு வாரங்கள் ஆயின. அதற்குள் இரண்டு முறை, சந்தாத் தொகை கழிக்கப்பட்டதாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது. ஓடாத வண்டிக்கு வாடகை கட்டிய அந்த ஏழு வாரங்களில் கற்றுக்கொண்டதை, வேறு யாருக்கும் அந்த நிலை வரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஆப்பிள் நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் மாதம் நடத்தும் டெவலப்பர் மாநாட்டில் அடுத்த மேக்ஓஎஸ் பதிப்பை அறிமுகப்படுத்தி, அப்போதே சோதனைப் பதிப்பையும் மென்பொருள் எழுதுவோருக்குத் தந்துவிடுகிறது. இறுதிப் பதிப்பு பெரும்பாலும் செப்டம்பரிலோ அக்டோபரிலோ வருகிறது. அதாவது, ஏறத்தாழ மூன்று மாத அவகாசம் எல்லோருக்கும் உண்டு. சில கோளாறுகளுக்கு இயங்குதளமே காரணம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: சிக்வோயா 15.0 வந்தபோது பல பாதுகாப்பு மென்பொருள்கள் தடுமாறின; 2024 அக்டோபரில் வந்த 15.0.1 பதிப்பில் ஆப்பிளே அதைச் சரிசெய்தது. ஆனால் மாதாமாதம் பணம் வாங்கும் ஒரு நிறுவனம் சோதனைக் காலம் முழுவதையும் கழியவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. புதிய பதிப்பை விற்றால்தான் பணம் என்றிருந்த காலத்தில் இருந்த அவசரம், சந்தா தானாக வந்து சேரும் இந்தக் காலத்தில் குறைந்துவிட்டது என்பது என் கருத்து.

ஆகவே, மேம்படுத்தும் நாளை ஆப்பிளின் அறிவிப்பை வைத்து முடிவுசெய்யக் கூடாது. உங்கள் பிழைப்புக்கு இன்றியமையாத மென்பொருள்களில் எது கடைசியாகத் தயாராகிறதோ, அதை வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

முதல் வேலையாக, சிஸ்டம் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குள் சாஃப்ட்வேர் அப்டேட்டைத் திறந்து, மேக்ஓஎஸ் புதுப்பிப்புகள் தாமாக நிறுவப்படுவதை நிறுத்திவிடுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களுக்கான தேர்வை மட்டும் அப்படியே விட்டுவையுங்கள். பழைய பதிப்பில் இருந்தால் ஆபத்து என்று அஞ்ச வேண்டியதில்லை. நடைமுறையில், நடப்புப் பதிப்புக்கு முந்தைய இரண்டு பதிப்புகளுக்கும் ஆப்பிள் பாதுகாப்புத் திருத்தங்களைத் தந்துகொண்டுதான் இருக்கிறது.

அடுத்து, சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் அப்ளிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மென்பொருளும் இன்டெல் சிப்புக்கு எழுதப்பட்டதா, ஆப்பிளின் சொந்தச் சிப்பான ஆப்பிள் சிலிக்கானுக்கு எழுதப்பட்டதா, இரண்டுக்கும் பொதுவானதா என்பது அங்கே தெரியும். இன்டெல் என்று மட்டும் குறிப்பிடப்பட்டவை, ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் ரொசெட்டா என்ற மொழிமாற்றியின் தயவில் ஓடுகின்றன. அதை முழு அளவில் மேக்ஓஎஸ் 27 (2025-இல் வந்த 26-க்கு அடுத்த பதிப்பு; 15-க்குப் பின் எண் நேராக 26-க்குத் தாவியது) வரைதான் தருவோம் என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. அத்தகைய மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்கும் முன், மாற்றுப் பதிப்பு எப்போது வரும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ப்ளக்-இன்கள் இந்தப் பட்டியலில் வராமல் போகலாம் என்பதால், அவற்றைத் தனியே ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

பிறர் சொல்வதை நம்பாமல் நீங்களே சோதித்துப் பார்ப்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. இதை முன்பே அறிந்திருந்தால் என் ஏழு வாரங்கள் வீணாகியிருக்காது. டிஸ்க் யுட்டிலிட்டியில் உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கூட்டல் குறியை அழுத்தினால், அதே டிஸ்க்கில் இன்னொரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் (தனி டிஸ்க் போல இயங்கும் பகுதி) உருவாகும். டிஸ்க்கைப் பிரிக்கவோ அழிக்கவோ தேவையில்லை. காலியிடத்தை இரண்டும் பகிர்ந்துகொள்ளும். புதிய மேக்ஓஎஸ்ஸை அந்த வால்யூமில் மட்டும் நிறுவி, சந்தா மென்பொருளையும் அங்கே நிறுவி, அரை நாள் உண்மையான வேலையைச் செய்து பாருங்கள். திறக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது. சேமித்து, மூடி, மீண்டும் திறந்து, இறுதிக் கோப்பாக ஏற்றுமதி செய்வது வரை போக வேண்டும். இந்தச் சோதனைக்கு நகல் கோப்புகளையே பயன்படுத்துங்கள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்க மறுக்கலாம். சில உரிமங்கள் இதை இரண்டாவது கணினியாகக் கணக்கிடவும் கூடும் என்பதால், சோதனை முடிந்ததும் அங்கே சைன் அவுட் செய்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால், மேக்கிலேயே உள்ள டைம் மெஷின் மூலம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் முழுக் காப்புப்பிரதி எடுத்து, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் பிறகே உங்கள் முதன்மை வால்யூமை மேம்படுத்துங்கள். கழற்றி வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. புதிய இயங்குதளத்தில் எடுத்த காப்புப்பிரதியை, கோப்புகளை மேக்குக்கு மாற்றித் தரும் மைக்ரேஷன் அசிஸ்டென்ட் பழைய இயங்குதளத்துக்குக் கொண்டுவராது. பின்வாங்க நேர்ந்தால், மேம்படுத்தலுக்கு முன் எடுத்த பிரதிதான் கைகொடுக்கும்.

ஏற்கெனவே மேம்படுத்திவிட்டு மாட்டிக்கொண்டவர்கள், எதையும் அழிப்பதற்கு முன் மூன்று வழிகளை முயன்று பார்க்க வேண்டும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதியில் மைக்ரோஃபோன், முழு டிஸ்க் அணுகல் ஆகிய அனுமதிகள் விடுபட்டிருக்கலாம். மென்பொருளை முழுமையாக நீக்கி மீண்டும் நிறுவினால் சில வேளைகளில் சரியாகும். ப்ளக்-இன் இன்டெல் வகையாக இருந்தால், அதை இயக்கும் முதன்மை மென்பொருளின் கெட் இன்ஃபோ சாளரத்தில் ரொசெட்டா வழியாகத் திறக்கும் தேர்வை இட்டுப் பாருங்கள். எதுவும் பலிக்காவிட்டால், 32 ஜிபி யுஎஸ்பியில் பழைய பதிப்புக்கான நிறுவியை உருவாக்கி, டிஸ்க்கை அழித்து, புதிதாக நிறுவுவதுதான் வழி. உங்கள் மேக் வாங்கும்போது எந்தப் பதிப்புடன் வந்ததோ, அதற்கும் முந்தையதை அதில் நிறுவ முடியாது.

நிறுவனத்துக்கு எழுதும்போது கோபத்தைக் காட்டும் நீண்ட கடிதத்தைவிட, இயங்குதளப் பதிப்பு, அதன் பில்டு எண், சிப் வகை, மென்பொருள் பதிப்பு, கோளாறு தோன்றும் படிநிலைகள், ஒரு திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஆகியவை அடங்கிய சிறிய கடிதம் பலமடங்கு பயன் தரும். திருத்தம் எப்போது வரும் என்று கேட்பதுடன், வேலை செய்யாத நாட்களுக்கு ஈடாகச் சந்தாக் காலத்தை நீட்டித்துத் தருமாறும் தயங்காமல் கேளுங்கள். நான் கேட்ட பிறகே எனக்கு ஒரு மாதம் கூடுதலாகக் கிடைத்தது.

சந்தாவை ரத்து செய்ய முடிவெடுத்தால், முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மாதாமாதம் செலுத்துவதெல்லாம் மாதச் சந்தா அல்ல. ஆண்டு ஒப்பந்தத்தின் தவணையாகவும் அது இருக்கலாம். அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபி மீது தொடுத்த வழக்கு, இத்தகைய திட்டத்தில் இடையில் விலகுவோருக்கான கட்டணத்தை மறைத்ததாகக் குற்றஞ்சாட்டியது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது, சற்றுக் கூடுதல் செலவானாலும் உண்மையான மாதத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள்; ஆண்டுத் திட்டம்தான் என்றால், புதுப்பிக்கும் தேதியை அக்டோபருக்குப் பின் வரும்படி அமைத்துக்கொள்ளுங்கள். அதற்குள், புதிய இயங்குதளத்தில் அந்த மென்பொருள் ஓடுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.