மலை நோக்கி ஒரு நாள் பைக் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ஊருக்குள் நன்றாகவே பைக் ஓட்டுகிறீர்கள், ஆனால் மலைப்பாதையில் ஏறியதில்லை என்றால் இந்த விளக்கம் உங்களுக்குத்தான். காலையில் புறப்பட்டு, வயல்வெளிச் சாலைகளில் போய், மலையேறி, இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும்.

1. நேரத்தைக் கணக்கிடுங்கள்

தூரத்தைப் பிறகு பார்க்கலாம். அன்று சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். கிராமத்துச் சாலையில் மணிக்கு 40 கி.மீ., மலையில் 20 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவாகத் தோன்றும், ஆனால் இதற்கு மேல் நம்பித் திட்டமிட்டவர்கள்தான் கடைசியில் வளைவுகளில் அவசரப்படுகிறார்கள். போகும் வழி 100 கி.மீ., அதில் கடைசி 30 கி.மீ. மலை என்றால், இளைப்பாறும் நேரத்தோடு சேர்த்து ஏறத்தாழ நான்கு மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு மேலே இருப்பீர்கள்.

திரும்பும் நேரத்தையும் வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். மதியம் ஒன்றரை என்று வைத்தால், உச்சி கண்ணுக்கெதிரே தெரிந்தாலும் ஒன்றரைக்கு வண்டியைத் திருப்ப வேண்டும். பல மலைகளில் பிற்பகலில்தான் மேகம் திரளும். பள்ளத்தாக்கில் வெயிலும் சீக்கிரமே போய்விடும்.

2. முந்தைய நாள் மாலை

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றழுத்தம் பாருங்கள். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும். செயினின் தொய்வு உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். பிரேக் கட்டைகளின் தடிமன், விளக்குகள், ஹாரன் ஆகியவற்றை ஒரு முறை சரிபாருங்கள். வரைபடத்தைக் கைபேசியில் இறக்கி வையுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது.

பையைப் பின்னால் கட்டுகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். பட்டையை இறுக்கிய பிறகு மிஞ்சும் நுனி காற்றில் படபடத்து மெல்ல மெல்ல நீளும். செயினிலோ சக்கரத்திலோ சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். நுனியைச் சுருட்டி முடிச்சுப் போட்டு, உள்ளே செருகிவிடுங்கள்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஓடும் வண்டியில் காற்று அந்தக் குளிரை இன்னும் கூட்டிக் காட்டும். காற்றுத் தடுக்கும் மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும், கீழே வெயில் கொளுத்தினாலும்.

3. வயல்வெளிச் சாலை

அழகான பகுதி இதுதான், கவனம் சிதறுவதும் இங்கேதான். வயலிலிருந்து டிராக்டர் சாலைக்கு ஏறும் இடங்களில் சேறு அப்பியிருக்கும். அதன் மேல் பிரேக் பிடிக்காமல், அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஓர் ஆடு சாலையைக் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள்.

4. ஏற்றமும் கொண்டை ஊசி வளைவும்

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கியரில்தான். வளைவுக்குள் போன பிறகு கியர் குறைக்க முயன்று, கிளட்சைப் பிடித்த கணத்தில் வண்டி இழுவையிழந்து சாயப் பார்க்கும். ஆகவே வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டாம் கியருக்கோ முதல் கியருக்கோ வந்துவிடுங்கள். பிறகு கிளட்சைத் தொடாமல், ஆக்சிலரேட்டரைச் சீராக வைத்து ஏறுங்கள்.

பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்தை நோக்கியே போகும். கண் போன திசையில்தான் கை திருப்பும். கொண்டை ஊசி வளைவின் உள்விளிம்பில் சரிவு மிகச் செங்குத்து என்பதால், உங்கள் பாதிக்குள்ளேயே இருந்துகொண்டு அதை ஒட்டாமல் சற்று விலகி வாருங்கள். எதிரே பேருந்து வந்தால் வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுங்கள்; அது திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும்.

உயரம் கூடக் கூட இழுவை குறைந்தால் பயப்பட வேண்டாம். காற்றின் அடர்த்தி குறைவதால் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து சதவீத ஆற்றல் போய்விடும். கார்புரேட்டர் வண்டிகளில் இது கூடுதலாகத் தெரியும்.

5. மேலே நிறுத்தும்போது

படம் எடுக்க வளைவில் நிற்காதீர்கள், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும். அகலமான நேர்ச்சாலை வரும் வரை போங்கள். சரிவில் வண்டியின் முகம் மேட்டைப் பார்க்க வேண்டும், முதல் கியரில் இருக்க வேண்டும். முகம் பள்ளத்தைப் பார்த்தால் வண்டி முன்னால் உருண்டு சைடு ஸ்டாண்ட் மடங்கிவிடும். மண் இளகியிருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் தட்டைக் கல் ஒன்றை வையுங்கள்.

6. இறக்கம்

ஏற்றத்தை விட இதுதான் கடினம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள், என்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதும், என்ஜினை அணைத்துவிட்டு உருள்வதும் விஷப் பரீட்சை.

பிரேக்கை இடைவிடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் சூடேறும். தீய்ந்த வாடை வந்தாலும், பிரேக் பிடி மெத்தென்று உள்ளே போனாலும், உடனே ஓரம் கட்டி அது தானாக ஆறும் வரை உட்கார்ந்திருங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றினால் அது கோணிப்போகலாம். இறங்கும்போது வளைவுக்கு முன்பு நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிடுவதே முறை. வெயில் படாத வளைவுகளில் ஈரமும் பாசியும் மதியம் வரை இருக்கும். அங்கே வண்டியை அதிகம் சாய்க்காதீர்கள்.

அடிவாரம் வந்ததும் பத்து நிமிடம் இறங்கி நில்லுங்கள். மலை முடிந்ததும் கை தானாக ஆக்சிலரேட்டரை முறுக்கும், உடம்போ களைத்திருக்கும். வீடு வந்து வண்டியை நிறுத்தியதும் என்ஜினை அணைத்துவிட்டுச் செயினைத் துடைத்து, அது இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் விடுங்கள். அப்போதுதான் அது இணைப்புகளுக்குள் நன்றாக இறங்கும்.